வெண்தொண்டை டூக்கானா, பள்ள அலகு டூக்கானா? அமேசானில் குழம்பாமல் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

பெருவின் மனு, தம்போபாட்டா, எக்வடாரின் யாசுனி, குயாபெனோ என்று மேற்கு அமேசான் பக்கம் பறவை பார்க்கப் போகிற எல்லாரையும் முதல் நாளே திணறடிக்கும் இரண்டு பறவைகள் உண்டு. இரண்டுக்கும் கரிய உடல், வெள்ளைத் தொண்டை, நெஞ்சுக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு, கண்ணைச் சுற்றி நீல வெறுந்தோல், கறுப்பு அலகின் மேல் விளிம்பில் மஞ்சள் பட்டை. ஒன்று வெண்தொண்டை டூக்கான் (ராம்ஃபாஸ்டோஸ் டுக்கானஸ்), மற்றது பள்ள அலகு டூக்கான் (ராம்ஃபாஸ்டோஸ் விட்டெல்லினஸ்). கையேட்டைத் திறந்து இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். ஏனென்றால் நாம் வழக்கமாக முதலில் பார்ப்பது நிறத்தை, அந்த நிறம்தான் இங்கே உதவாது.

நான் சொல்லப்போகும் முறை வேறு. முதலில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும், அடுத்து குரல், அதற்கப்புறம் அலகின் வடிவம், கடைசியாகத்தான் நிறமும் அளவும். இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் தொண்ணூறு சதவீதக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

தொடங்குமுன் ஒரு சின்ன விஷயம். தமிழில் டூக்கான் படத்தைப் போட்டு இருவாச்சி என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டும் வேறு குடும்பம். இருவாச்சி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்வது, டூக்கான் தெற்கு மெக்சிகோ தொடங்கி மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் மட்டும் இருப்பது. பெரிய அலகும் பழம் தின்னும் வாழ்க்கையும் இரண்டு இடத்திலும் தனித்தனியாக வளர்ந்து வந்தவை. டூக்கானின் உண்மையான சொந்தம் மரங்கொத்தியும், நம்மூர் ஆலமரத்தில் 'குட்ரூ குட்ரூ' என்று கத்துகிற குக்குறுவானும்தான். குக்குறுவானுக்குப் போலவே டூக்கானுக்கும் காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதல் படி: வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறியுங்கள்

இந்த இரண்டு இனங்களும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் துணையினங்கள், அதாவது ஒரே இனத்தின் வட்டார வடிவங்கள் உண்டு, துணையினத்தைப் பொறுத்து வேலை மிகச் சுலபமாகவும் இருக்கலாம், மிகக் கடினமாகவும் இருக்கலாம்.

வெண்தொண்டை டூக்கானுக்கு இரண்டு வடிவங்கள். கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா, வெனிசுலாவின் தென்கிழக்கு, பிரேசிலின் வடகிழக்கு அமேசான் பக்கம் இருப்பது டுக்கானஸ் வடிவம். இதன் அலகின் பக்கவாட்டில் செம்பழுப்பு ஓடும். மேற்கே பெரு, எக்வடார், பொலிவியா, பிரேசிலின் மேற்குப் பகுதியில் இருப்பது குவியரி வடிவம், இதன் அலகு கறுப்பு. நடுவே இரண்டும் கலந்து நிற்கும் பறவைகளும் ஏராளம்.

பள்ள அலகு டூக்கானுக்கு நான்கு வடிவங்கள், அவை ஒன்றுக்கொன்று கண்ணுக்கே பளிச்சென்று வேறுபடும். டிரினிடாட் தீவிலும் கயானாக்களிலும் அமேசான் ஆற்றுக்கு வடக்கே பிரேசிலிலும் உள்ள விட்டெல்லினஸ் வடிவத்துக்கு நெஞ்சின் நடுவே ஆரஞ்சு கலந்த மஞ்சள், ஓரத்தில் வெள்ளை, வாலுக்கு மேல்புற இறகு சிவப்பு. அமேசானின் தென்கிழக்கிலும் பிரேசிலின் கிழக்குக் கடலோரக் காடுகளிலும் உள்ள ஏரியல் வடிவத்துக்குத் தொண்டையும் நெஞ்சும் ஆரஞ்சு மஞ்சள், கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல், கறுப்பு அலகின் அடியில் மஞ்சள். கொலம்பியாவின் வடக்கிலும் வெனிசுலாவின் வடமேற்கிலும் உள்ள சிட்ரியோலேமஸ் வடிவத்துக்கு எலுமிச்சை மஞ்சள் தொண்டை. மேற்கு அமேசானின் கல்மினேட்டஸ் வடிவத்துக்கு மட்டும்தான் தொண்டை வெள்ளை, வாலுக்கு மேல்புற இறகு மஞ்சள், அதாவது அப்படியே வெண்தொண்டை டூக்கானின் உடை. சில வகைப்பாட்டுப் பட்டியல்கள் இந்த வடிவங்களைத் தனித்தனி இனங்களாகவே பிரித்திருக்கின்றன, அதனால் உங்கள் கையேட்டில் வேறு பெயர் இருந்தால் கலங்க வேண்டாம்.

இதிலிருந்து நடைமுறையில் என்ன தெரிகிறது? டிரினிடாடில் நிற்கிறீர்களா, காட்டில் பார்க்கும் டூக்கான் பள்ள அலகுதான், அங்கே வேறு டூக்கான் இனமே கிடையாது. ரியோ டி ஜெனிரோவின் திஜூக்கா காட்டிலோ அங்குள்ள தாவரவியல் தோட்டத்திலோ ஆரஞ்சு நெஞ்சுடன் பறக்கிறதா, அது ஏரியல். (அந்தக் காட்டில் அழிந்துபோனதை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.) சுரினாமில் நெஞ்சு முழுக்க வெள்ளையா, நடுவில் மஞ்சளா என்று பார்த்தாலே போதும். மனாவுஸ் நகரத்தை ஒட்டிய அடோல்ஃபோ டூக்கே காட்டில் 42 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது, அதன் உச்சியில் நின்றால் பறவை நம் கண்மட்டத்தில் வரும், அங்கேயும் நெஞ்சு நிறம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

குவியரியும் கல்மினேட்டஸும் சேர்ந்து வாழ்கிற மேற்கில் மட்டும்தான் தலைவலி. அடுத்து வரும் படிகள் அங்கே போகிறவர்களுக்காகவே.

இரண்டாம் படி: கண்ணை விட்டுக் காதை நம்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். வெண்தொண்டை கூவும், பள்ள அலகு கரகரக்கும். உடை ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டின் குரலும் எந்த இடத்திலும் கலப்பதில்லை.

வெண்தொண்டையின் கூவலில் முதல் ஒலி நீண்டு, மேலே ஏறி இறங்கும், அடுத்து இரண்டு மூன்று குட்டை ஒலிகள் தொடரும்: 'கீயோவ், யெப், யெப்'. நாய்க்குட்டியின் வாலை யாரோ மிதித்துவிட்டால் அது வீறிடுமே, அந்தச் சாயல். தெளிவான, இசைத்தன்மை உள்ள ஒலி, உச்சிக்கிளையிலிருந்து கத்தினால் காட்டின் மேலாக வெகுதூரம் போகும். கத்தும்போது பறவை சும்மா இருக்காது. அலகை வானத்தை நோக்கித் தூக்கி, இரண்டு பக்கமும் வீசி, தலையைக் குனிந்து மறுபடி நிமிரும், அந்த நேரத்தில் வாலும் சேர்ந்து ஏறி இறங்கும். தொலைவில் ஒரு பட்டமரத்தின் உச்சியில் பெரிய அலகு இப்படி ஆடுவதைப் பார்த்த நொடியிலேயே பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டு ஒலிக்காகக் காத்திருங்கள், காற்று சாதகமாக இருந்தால் வந்து சேரும்.

பள்ள அலகின் குரல் 'க்ரீக்… க்ரீக்… க்ரீக்…' என்று ஒரே ஒலி, ஒரே இடைவெளி, ஏற்ற இறக்கம் கிடையாது, அலுப்பே இல்லாமல் பல நிமிடம் தொடரும். அடித்தொண்டையில் கரகரப்பு இருக்கும். முதல்முறை கேட்பவர்கள் மரத்தவளை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அப்படி விடக் கூடாது, மர உச்சியிலிருந்து பகல் வெளிச்சத்தில் ஒரு 'தவளை' சீராகக் கத்திக்கொண்டே இருந்தால் முதலில் டூக்கானைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பயணத்துக்கு முன்பே இந்தக் காதைத் தயார் செய்துகொள்ளலாம். ஜெனோ-கான்டோ தளத்திலும் மெக்காலே நூலகத்திலும் இரண்டு இனத்துக்கும் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கும், பிரேசில் பதிவுகளுக்கு விக்கிஆவெஸ் தளம் இருக்கிறது. ஜெனோ-கான்டோவில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் படமாகக் காட்டும் ஒலிவரைபடம் கூடவே வரும், அதைக் கண்டிப்பாகப் பாருங்கள். வெண்தொண்டையின் கூவல் அதில் வளைந்த கோடாகத் தெரியும், மேலே மேலே அதன் அடுக்குகள் இருக்கும். பள்ள அலகின் கரகரப்பு நெருக்கமாக நிரம்பிய செங்குத்துக் கட்டையாகத் தெரியும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் காதும் தவறாது. பெரு, எக்வடார் பதிவுகளாகத் தேர்ந்தெடுத்துக் கேட்பது நல்லது, பின்னணியில் கிளி, குரங்கு, சிள்வண்டு எல்லாம் சேர்ந்து இரைச்சலாக இருக்கும்போதும் பிரித்துக் கேட்கும் பழக்கம் வரும். பிறகு பெயரை மறைத்துவிட்டுக் கலந்து போட்டுக் கேளுங்கள், தயக்கமில்லாமல் சொல்ல வருகிறதா என்று சோதியுங்கள்.

நேரமும் முக்கியம். நிலநடுக்கோட்டுப் பக்கம் வருடம் முழுக்கக் காலை ஆறு மணியை ஒட்டித்தான் விடியும், அதிலிருந்து இரண்டு மணி நேரம் டூக்கான்கள் நன்றாகக் கத்தும். மாலையிலும் ஒரு சுற்று உண்டு. மழை ஓய்ந்து வெயில் வரும் நேரத்தையும் விடாதீர்கள், உச்சிக்கிளையில் இறகு உலர்த்தியபடியே கத்தும். நடுப்பகலில் அலைந்து காலை ஒடித்துக்கொள்வதில் பலனில்லை.

ஒலிபெருக்கியில் குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதை நான் ஏற்பதில்லை, அதுவும் சுற்றுலாப் பயணிகள் தினமும் வருகிற விடுதிகளைச் சுற்றி. கூட்டை விட்டு அது ஓடிவர வேண்டியிருக்கும், அதே மரத்துக்கு நாளைக்கும் இன்னொருவர் வருவார். இந்த இரண்டு பறவைகளும் தாமாகவே போதுமான அளவு கத்துகிறவை, காத்திருந்தாலே கேட்கும்.

மூன்றாம் படி: கத்தாமல் உட்கார்ந்திருந்தால் அலகைப் படியுங்கள்

நீளத்தை அல்ல, வடிவத்தை. பெயருக்குக் காரணமான பள்ளம் மேல் அலகின் முகட்டை ஒட்டி நீளவாக்கில் ஓடுவது. பள்ள அலகு டூக்கானின் முகடு இரண்டு பக்கமும் அமுக்கியது போல விளிம்பு கட்டி நிற்கும், அதை ஒட்டியே அந்தப் பள்ளம். வெண்தொண்டைக்கு முகடு உருண்டு, வழுவழுப்பாக இருக்கும். டெலஸ்கோப்பில், பக்கவாட்டு வெயில் விழும் காலை வேளையில், பள்ளத்தில் ஒரு நிழல்கோடு தெரிந்தால் வேலை முடிந்தது. பறவை நம்மை நேராகப் பார்க்கும் நொடியும் நல்ல நொடி, அப்போது முகடு கூர்மையாக எழுந்து நிற்கிறதா, உருண்டிருக்கிறதா என்று தெரியும். அதனால் படம் எடுப்பவர்கள் அழகான பக்கவாட்டுப் படத்தோடு நிறுத்தாமல் முகத்துக்கு நேராகவும் சில படங்கள் எடுத்துவையுங்கள்.

நீளத்தை ஏன் நம்பக் கூடாது என்றால், டூக்கான்களில் ஆணின் அலகு பெண்ணுடையதைவிட நீளம். வெண்தொண்டையின் பெண் பறவை தனியாக உட்கார்ந்திருந்தால் அலகு குட்டையாகத் தெரிந்து, பள்ள அலகு என்று அவசரப்பட வைக்கும். கூட்டிலிருந்து வெளிவந்து கொஞ்ச நாளே ஆன குஞ்சு இன்னும் மோசம். அலகு முழுதாக வளர்ந்திருக்காது, அடியில் உள்ள நிறப்பட்டைகளும் தெளிவாக இருக்காது, நெஞ்சின் சிவப்பும் மங்கியிருக்கும். குஞ்சை வைத்து இனம் சொல்ல முயல வேண்டாம், கூடவே பெற்றோர் இருக்கும், அவற்றைப் பாருங்கள், முக்கியமாகக் கேளுங்கள்.

ஆனால் நீண்ட அலகு ஒரு பக்கம் மட்டும் உதவும். உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு, பார்த்தவுடனே மிகையாகத் தோன்றும் நீளத்தில் அலகு இருந்தால் அது வெண்தொண்டையின் ஆணாகவே இருக்கும்.

அளவு, நிறம் பற்றிச் சுருக்கமாக

வெண்தொண்டை பெரியது, அலகோடு சேர்த்து 53 முதல் 58 செ.மீ., எடை அரைக் கிலோவுக்கு மேல். பள்ள அலகு சுமார் 48 செ.மீ., எடை பெரும்பாலும் 300 முதல் 430 கிராம். காகிதத்தில் பெரிய வித்தியாசம்தான், முப்பது மீட்டர் உயரக் கிளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பறவையிடம் இது செல்லாது. இரண்டும் ஒரே மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

நிறம் மேற்கில் பெரும்பாலும் பொய் சொல்லும். வாலுக்கு மேல்புற இறகு மஞ்சளா ஆரஞ்சா என்று சிலர் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். துணையினங்கள் சந்திக்கும் இடங்களில் எல்லாச் சாயலும் வரும், வெள்ளைத் தொண்டையில் மஞ்சள் ஏறிய பறவைகளும் உண்டு. ஒரு நல்ல குறிப்பு: வெள்ளை நெஞ்சில் தெளிவான மஞ்சள் கறை பார்த்தால் பள்ள அலகின் கலப்பு வடிவம் என்ற திசையில் யோசிக்கலாம். அதற்கு மேல் நிறத்திடம் கேட்காதீர்கள்.

இவ்வளவு ஒற்றுமை எப்படி வந்தது?

அண்ணன் தம்பி இனங்கள் என்பதால்தான் ஒன்றுபோல இருக்கின்றன என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. 2005-இல் வந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஆய்வின்படி கரகரக்கிற, முகடு கட்டிய அலகுள்ள டூக்கான்கள் எல்லாம் தனி ஒரு கிளை, பள்ள அலகு அதில் சேரும், வெண்தொண்டை சேராது. அதாவது மேற்கு அமேசானில் கூடவே வாழ்கிற இந்த இரண்டும் நெருங்கிய உறவே இல்லை, உடை மட்டும் ஒன்று.

இதற்கு ரிச்சர்ட் பிரம் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் ஒரு விளக்கம் முன்வைத்திருக்கிறார். பழமரத்தில் பெரிய பறவை சின்னதை விரட்டும். சின்னது பெரியதைப் போலவே தோற்றமளித்தால், பெரியது அதைத் தன் இனம் என்று நினைத்து, தன் அளவுதான் இருக்கும் என்று கணித்துச் சண்டையைத் தவிர்க்கும், சின்னதுக்குப் பழம் கிடைக்கும். இது கருதுகோள்தான், ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் களத்தில் நாம் என்ன பார்க்க வேண்டும் என்று இது சொல்லித்தருகிறது: இரண்டும் ஒரே மரத்தில் சேரும்போது யார் யாருக்கு இடம் விடுகிறார்கள், தூரத்தில் இருக்கும்போதா பக்கத்தில் வந்த பிறகா என்று கவனியுங்கள்.

டூக்கான்களை வைத்துப் பெரிய கேள்விகள் கேட்பது புதிதல்ல. யூர்கன் ஹாஃபர் என்ற ஜெர்மானியர், தொழிலால் நிலவியலாளர், பனியுகக் காலங்களில் அமேசான் காடு துண்டு துண்டாகச் சுருங்கி, ஒவ்வொரு துண்டிலும் உயிரினங்கள் தனித்தனியே மாறின என்ற கருத்தை 1969-இல் வெளியிட்டார். டூக்கான்களின் துணையினங்கள் எங்கே சந்தித்துக் கலக்கின்றன என்பது அவர் பயன்படுத்திய முக்கியச் சான்றுகளில் ஒன்று. இன்று அந்தக் கருத்துக்குப் பலத்த எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் அந்தக் கலப்பு மண்டலங்கள் அப்படியே இருக்கின்றன, முதல் படியில் உங்களைப் படுத்துவதும் அவைதான்.

எங்கே காத்திருப்பது

காட்டுக்குள் நடந்து தேடினால் கிடைப்பது பறவையின் அடிவயிற்றுக் காட்சியும் நமக்குக் கழுத்து வலியும் மட்டும். ஆற்றில் படகில் போகும்போது, அல்லது கோபுரத்தில் நிற்கும்போது பறப்பதைப் பிடிப்பது நல்லது. சிறகை நாலைந்து முறை அடித்து, அப்புறம் விரித்துச் சறுக்கி, மறுபடி அடித்து என்று ஏறி இறங்கிப் போகும், ஆற்றைக் கடக்கும்போது ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் போவதால் எண்ணவும் முடியும்.

அதைவிட நல்லது, பழுத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடுவது. விரோலா மரத்தைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். ஜாதிக்காய் குடும்பத்து மரம், காய் இரண்டாக வெடித்தால் உள்ளே விதையைச் சுற்றி ஜாதிபத்திரி போலவே சிவப்பு உறை. டூக்கான் நீண்ட அலகின் நுனியால் அதைப் பறித்து, தலையைப் பின்னால் எறிந்து, பழத்தைத் தொண்டைக்குள் விழ வைத்து விழுங்கும். உறை செரித்ததும் விதையை முழுசாக வாய்வழியே கக்கிவிடும், பெரும்பாலும் வேறொரு மரத்திலிருந்து. மெல்லிய கிளை தாங்காது என்பதால் தடித்த கிளையில் உட்கார்ந்தபடியே எட்டிப் பறிப்பதையும் பார்க்கலாம், அலகு நீளமாக இருப்பதன் பயன் அங்கே கண்முன் தெரியும். அத்தி மரமும் பனை வகைகளும் இதே போல. ஆனால் பழம் மட்டும்தான் உணவு என்று நினைக்காதீர்கள், பூச்சி, பல்லி, பிற பறவைகளின் முட்டை, குஞ்சு எல்லாம் தின்னும், அதனால்தான் டூக்கான் வந்தால் சின்னப் பறவைகள் கூச்சலிட்டுத் துரத்தும். அந்தக் கூச்சல் கேட்டால் அங்கே திரும்பிப் பாருங்கள்.

இப்படி விதை பரப்பும் வேலை எவ்வளவு பெரியது என்பது பிரேசிலின் கிழக்குக் கடலோரக் காட்டில் தெரியவந்தது. அங்கே டூக்கான் போன்ற பெரிய வாய்ப் பறவைகள் அழிந்துபோன துண்டுக் காடுகளில் ஜுசாரா பனையின் விதைகள் சிறுத்துப்போயிருப்பதை 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 12 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள விதையைச் சின்னப் பறவைகளால் விழுங்க முடியாது, எனவே பெரிய விதை பரவவில்லை, சிறியது மட்டும் தங்கியது. பறவையை இழந்த காடு மரத்தையும் மாற்றிவிட்டது. இதைப் படித்த பிறகு டூக்கானை வண்ண அலகுக்காக மட்டும் பார்க்க முடியவில்லை.

பதிவு செய்யும்போது

பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் குறிக்கும்போது எதை வைத்து இனம் சொன்னீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: 'கூவல் கேட்டது', 'கரகரப்பு பதிவாகியுள்ளது' என்றாலே போதும். கைபேசியில் அரை நிமிடம் ஒலி பிடித்து இணைத்தால் படத்தைவிட மதிப்பு அதிகம். குரலும் கேட்கவில்லை, அலகின் முகடும் தெரியவில்லை என்றால் இனம் பிரிக்காமல் டூக்கான் என்று பொதுவாகப் பதியும் வசதி அங்கே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி சொல்லும் பெயரையும் உங்கள் காதால் சரிபார்த்த பிறகே எழுதுங்கள். பிரேசிலில் வழிகாட்டி 'துக்கானோ டி பாப்போ பிராங்கோ' என்றால் வெண்தொண்டை, 'துக்கானோ டி பிக்கோ பிரேட்டோ' என்றால் பள்ள அலகு, எதைக் கேட்டு அப்படிச் சொன்னார் என்று தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டீஸைத் தாண்டி மேற்கே, எக்வடாரின் மின்டோ பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. அங்கே மஞ்சள் நெஞ்சோடு இதே போல இரண்டு டூக்கான்கள்: பெரியது மஞ்சள்தொண்டை டூக்கான், சிறியது சோகோ டூக்கான். பெரியதன் அலகில் கீழ்ப்பகுதி கரும்பழுப்பு, சிறியதற்குக் கறுப்பு, மேகமூட்டத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் அங்கேயும் பெரியது கூவும், சிறியது கரகரக்கும், அமேசானில் பழகிய காதை அப்படியே கொண்டுபோனால் போதும்.